முன்னிலை ஒருமை

“மேனேஜரையே ‘நீங்க’ன்னுதான் கூப்பிடறோம். கடவுளைப் போய் ‘நீ’ன்னா நல்லாவா இருக்கு?” என்றார் டப்பிங் இயக்குநர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்கின் முன்னால் நின்றவள் ஹெட்போனைச் சற்றே நகர்த்தினாள்.

இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன் உட்கார்ந்திருந்தான். உள்ளே நிற்பது அவன் மனைவி.

திரையில் வேற்றுமொழிக்காரி ஒருத்தி, ஆஸ்பத்திரி நடையில் நின்று கூரையைப் பார்த்துக் கடவுளோடு சண்டை போடுகிற கட்டம். அவள் வாய்க்கு இவள் தமிழ் கொடுக்க வேண்டும்.

“‘நீங்க’ன்னா மனு கொடுக்கிற மாதிரி இருக்கு, சார். படம் முழுக்க ஒரே கடவுள்னு சொல்லிட்டு, இப்ப போய்ப் பன்மையில கூப்பிட்டா எப்படி?” என்றாள் அவள்.

இயக்குநர் சிரிக்கவில்லை. நாளைக்கு நாலு பேர் வந்து கேட்டால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

ஒலிப்பதிவாளனுக்கு ‘நீங்க’வைப் பற்றி நன்றாகவே தெரியும்.

அக்கா வீட்டு விருந்தில் யாரோ அவன் மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். “எவளோ வாயசைப்பா, இவ பேசுவா. அவ்வளவுதான்” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அவளும் சிரித்தாள்.

வீடு திரும்பியதும், “கதவைப் பூட்டிட்டீங்களா?” என்றாள்.

அதுவரை அவன் நீ. மிஞ்சினால் எருமை. அன்றிலிருந்து சாப்பிடுறீங்களா, கிளம்பிட்டீங்களா, சாவி எடுத்துக்கிட்டீங்களா. வீடு வங்கிக் கிளை மாதிரி ஆகிவிட்டது.

அவன் அம்மாவுக்குப் பரம சந்தோஷம். மருமகளுக்கு இப்போதுதான் மரியாதை தெரிந்திருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இன்று அவன் மனைவி பெட்டியோடுதான் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். இந்தக் கடைசி வசனம் முடிந்தால் நேரே அவள் அம்மா வீடு. எப்போது வருவாய் என்று அவன் கேட்டதற்கு, “சொல்லி அனுப்பறேங்க” என்று பதில்.

ஒலிப்பதிவாளன் தொண்டையைச் செருமினான்.

“சார், ‘நீங்க’ வாய்க்கு உட்காராது. அந்தம்மா உதடு முன்னாடியே மூடிக்குது.”

பச்சைப் பொய். அந்த உதட்டில் ‘நீங்க’வும் உட்காரும், ‘தேவரீர்’கூட உட்காரும்.

இயக்குநர் திரையைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். தொழில் தர்மத்துக்குக் கட்டுப்பட்டார்.

“சரி, ‘நீ’யே இருக்கட்டும்.”

“எங்கே போய்த் தொலைஞ்சே நீ? கூப்பிடக் கூப்பிடக் காது கேக்கலையா உனக்கு?”

அவள் திரையைப் பார்த்துத்தான் பேசினாள். அவன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆனாலும் அவன் முதுகு தானாக நிமிர்ந்தது.

“கடவுள் இறங்கியே வந்துடுவாரும்மா” என்ற இயக்குநர் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவள் கை ஹெட்போனைக் கழற்றப் போயிற்று.

ஒலிப்பதிவாளன் பொத்தானை அமுக்கி மைக்கில் பேசினான். “பதிவாகலை. இன்னொரு தடவை.”

அவன் எதிரே கணினியில் அவள் குரல், மேடும் பள்ளமுமாக, ஒரு எழுத்து விடாமல் பதிந்து கிடந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் அது தெரியாது. அவன் முகம் மட்டும்தான் தெரியும்.

அவள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள்.

“பொய் சொல்றே” என்றாள்.

இயக்குநர் அவசரமாக வசனத்தாளைப் புரட்டினார். அப்படி ஒரு வரி அதில் எங்குமே இல்லை.