கரடி பஸ்ஸும் கத்தரிப்பூச் சீலையும்

"நாலாயிரத்து ஐந்நூறு. எடுக்கிறெண்டா எடு தங்கச்சி. இல்லாட்டி நடையைக் கட்டு."

றவூப் முதலாளி கத்தரிப்பூ நிறச் சீலையை மேசையில் அடித்தார்.

"மூவாயிரம். காத்தான்குடியில உங்கட கடை மட்டுமா இருக்கு, முதலாளி?" கேதீஸ்வரியும் விடவில்லை.

மூன்றாவது நாளாக இதே சீலை, இதே சண்டை. ஆரையம்பதிச் சந்தியில் இறால் விற்கிறவள் அவள். பின்னேரம் ஐந்து மணியானால் கூடையைக் கழுவிக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்குவாள். அரை மணித்தியாலம் பேரம் பேசுவாள். வாங்காமலே போய்விடுவாள்.

கடையில் துணி மடிக்கிற நஸ்ஹா முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மடித்தாள். விசயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கேதீஸ்வரியின் கை சீலையில் கிடந்தாலும் கண் சுவரில் இருந்த டீவியில்தான். அதில் 'கரடி பஸ்' ஓடிக்கொண்டிருந்தது. கார்ட்டூன்.

முந்தாநாள் அவளே நஸ்ஹாவின் காதுக்குள் சொல்லியிருந்தாள். "வீட்டில மனுசனும் மகனும் டீவியை விடமாட்டாங்க கா. எந்நேரமும் கிரிக்கெட். நான் கார்ட்டூன் கேட்டா, நாப்பது வயசில பால்குடியா எண்டு சிரிக்காங்க. நாளையிண்டைக்குக் கடைசி. அதைப் பாத்திட்டாப் போதும்."

"அப்ப சீலை?"

"கோயில் கொடியேத்தத்துக்குச் சீலையும் வேணும்தான். காசும் இருக்கு. உடன வாங்கிட்டா நாளைக்கு என்னத்தைச் சொல்லி வாற?"

"அப்பிடி என்னதான் இருக்கு அதில?"

"கரடி ஒண்டு பஸ் ஓட்டுது கா. வாயைத் துறந்தா ஏச்சுத்தான். ஏறுற முசலுக்கும் ஏச்சு, இறங்குற எலிக்கும் ஏச்சு. ஆனா அந்த நத்தை வந்து சேராம பஸ்ஸை எடுக்காது. 'டயர் பழுது, டயர் பழுது' எண்டு பொய் சொல்லிக் கழட்டிக் கழட்டிப் பூட்டும். கடைசியா நத்தை வந்து ஏறினா, அதுக்கும் நல்ல ஏச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அதைப் பாத்திட்டுப் போனா ராவு முழுக்க மனசு குளிர்ந்து கிடக்கும்."

இன்றைக்குத்தான் அந்தக் கடைசி நாள்.

வாங்காமல் வந்து நிற்கிறவர்களை முதலாளிக்குக் கண்ணில் காட்டக்கூடாது. போன கிழமை ஃபேனுக்குக் கீழே நின்று காற்று வாங்கிய இரண்டு பேரை, "இது என்ன கடக்கரையா?" என்று கேட்டுத் துரத்தியவர். இவள் டீவிக்கு வருகிறாள் என்று தெரிந்தால் சைக்கிளையும் தூக்கி எறிவார்.

டீவியில் இருட்டுகிறது. பாலத்தை மூடப்போகிறார்கள். இதுதான் கடைசி பஸ். நத்தையைக் காணவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இராசதுரை வாயைத் திறந்தார். கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், சேர்ட்டுத் துணிக்காகக் காத்திருந்தார்.

"என்ன முதலாளி, ஒரு ஏழை மனுசியோட இப்பிடியா மல்லுக்கட்டுற? மிச்சத்தை நான் தாறன். சீலையைக் குடுத்து அனுப்புங்க."

கேதீஸ்வரிக்கு முகம் செத்துப்போனது. பேரம் முடிந்தால் நிற்பதற்கு என்ன சாட்டு?

"ஐயோ, வேணாம் ஐயா."

"நீ சும்மா இரு பிள்ளை. நான் கதைக்கிறன்."

முதலாளிக்கு மூக்கு விடைத்தது. "சேர், நீங்க உங்கட சேர்ட்டைப் பாருங்க. இஞ்ச யாவாரம் நடக்குது." சீலையைப் பறித்து விரித்தார். "இப்ப இது ஐயாயிரம்."

"கூட்டுறீங்களா?"

"கரையை இப்பதான் வடிவாப் பாத்தன். நல்ல கரை."

"நீங்க ஒரு மனுசனா?" இராசதுரை எழும்பிவிட்டார்.

"இல்ல சேர். முதலாளி."

கேதீஸ்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இந்தக் கந்தலுக்கு ஐயாயிரமா? மூவாயிரத்து ஐம்பது."

"என்ட சீலையைக் கந்தல் எண்டியா? நீ விக்கிற இறாலை மணந்து பாத்தியா? நஸ்ஹா, அந்த டீவிச் சத்தத்தைக் கூட்டி வை புள்ள. இவட சத்தம் காதைக் கிழிக்குது."

நஸ்ஹா கூட்டினாள். கரடி ஏசிக்கொண்டே டயரைக் கழற்றியது. பூட்டியது. திரும்பவும் கழற்றியது. முதலாளி ஐம்பது ரூபாய் இறங்கினார், நூறு ஏறினார். வளைவில் நத்தையின் கொம்பு தெரிந்தது.

நத்தை ஏறியது. பஸ் பாலத்தைக் கடந்தது. கரடி ஹோர்னை நீட்டி அடித்தது.

கேதீஸ்வரி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"சரி சரி, மூவாயிரத்தை வெச்சிட்டு எடுத்திட்டுப் போ," என்றார் முதலாளி. "மஃரிபு தொழுகைக்குக் கடை பூட்டணும். நாசமாப்போன யாவாரம்."

அவள் சீலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

"ஒரு மனுசியை அழவெச்சு வித்திட்டீங்க," என்றார் இராசதுரை. "உங்கட கடைத் துணி எனக்கு வேணாம்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நஸ்ஹாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "முதலாளி, ஏசாதீங்க. அவ சீலைக்காக வரல்ல. அந்தக் கார்ட்டூனுக்காக..."

"வாயைப் பொத்திட்டு மடி."

அவர் றிமோட்டை எடுத்து டீவியை நிறுத்தினார். கதவைப் பாதி இழுத்தவர், திரும்பினார்.

"நாளைக்கு அந்தக் கரடிட ரெண்டாம் பாகம் தொடங்குதாம். ரெண்டு கிழமை ஓடுமாம். அவ வந்தா அந்த மூவாயிரத்துப் பச்சைச் சீலையை விரிச்சுக் காட்டு. விலையை ஏழாயிரத்தில தொடங்கு."