மாமியாரின் வாய்

“மாமியாரோட வாயை இந்த வாரத்துக்குள்ள அடைச்சாகணும். அது கத்துற கத்துல மனுஷன் நிம்மதியா வண்டி ஓட்ட முடியலை. அடங்கலைன்னா ஒயரைப் பிடுங்கிடு!”

மாப்பிள்ளை போனில் இப்படிப் பொரிந்துகொண்டிருந்தபோது, கையில் டீயோடு அறை வாசலில் வந்து நின்றது அவருடைய சொந்த மாமியார். மகளைப் பார்க்க வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. டீயை மேஜைமேல் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை பேசியது வேறு மாமியாரைப் பற்றி.

கார்களுக்கு மின்னணுக் கருவிகள் வடிவமைப்பது அவர் வேலை. புதிதாக ஒன்று செய்திருந்தார்கள். காரைச் சுற்றிலும் கேமரா, சென்சார். உள்ளே ஓட்டுபவரின் கண்ணைப் பார்க்க இன்னொரு கேமரா. ‘பின்னால் ஆள்’, ‘ரோட்டைப் பாருங்கள்’, ‘போனைக் கீழே வையுங்கள்’ என்று சொல்லிக்கொண்டே வரும். இப்படி ஓயாமல் குற்றம் கண்டுபிடித்ததால் ஆபீசில் அதற்கு வைத்த செல்லப்பெயர் மாமியார். வைத்தவர்கள் எல்லோரும் கல்யாணமானவர்கள்.

ஓட்டிப் பார்த்தவர்கள் நச்சரிப்பு தாங்கவில்லை என்று புலம்பினார்கள். ஒரேயடியாக ஊமையாக்க ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார் மேலதிகாரி. வைத்துக் கொடுத்தால் மாப்பிள்ளைதான் அடுத்த தலைமைப் பொறியாளர்.

சொந்தக் காரிலேயே கருவியை மாட்டி, பொத்தானை அழுத்திப் பார்த்தார். ஆஹா, என்ன அமைதி!

வீட்டிலும் அதே அமைதி. ‘குடை எடுத்துக்கிட்டீங்களா மாப்பிள்ளை, சாவி எங்கே, சட்டைப் பொத்தானைப் பாருங்க’ என்று தினமும் வாசல் வரை வரும் குரலைக் காணோம்.

“உங்க அம்மா ஏன் பேசவே மாட்டேங்கிறாங்க?” என்று மனைவியிடம் கேட்டார்.

“உங்களுக்கு நிம்மதிதானே?” என்றாள் அவள், துணி மடித்தபடி.

நிம்மதிதான். குடையை மறந்து நனைந்ததும், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்ததும் தனிக் கதை.

பொத்தானை முடிவு செய்யும் நாள் வந்தது. அன்று காலையில் மாமியார் பெட்டியோடு கூடத்தில் நின்றார்.

“நான் ஊருக்குக் கிளம்புறேன் மாப்பிள்ளை. போற வழியில பஸ் நிலையத்துல இறக்கி விட்டுடுங்க.”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமே அத்தை” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

மாமியார் வெளியே போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வந்து காரைக் கிளப்பினார். மறுமுனையில் மேலதிகாரி. ரிவர்ஸ் போட்டதும் முன்னாலிருந்த திரையில் சிவப்பு வெளிச்சம் துள்ளித் துள்ளி எரிந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்த்தால்தானே!

மடார்!

பதறிப்போய் இறங்கி ஓடினார். மாமியாரின் பெட்டி பின்சக்கரத்தில் மாட்டி நசுங்கிக் கிடந்தது.

“என்ன அத்தை இது! டிக்கியில வைப்பேன்ல? சரி, வண்டி பின்னால போகுதுன்னு தெரியுது. ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?”

“எப்படிக் குடுக்கிறது மாப்பிள்ளை? வாயை அடைக்கணும்னு சொன்னீங்க. அடைச்சுக்கிட்டேன். ஒயரைப் பிடுங்குற வரைக்கும் எதுக்கு விடணும்?”

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயோ அத்தை, அந்த மாமியார் நீங்க இல்லை! அது இந்தக் காருக்குள்ள இருக்கிற கருவி. ஓட்டுறவன் தப்புப் பண்ணினா கத்தும்.”

“அப்படியா? அப்ப ஏன் அது இப்பக் கத்தலை?”

மாப்பிள்ளை பெட்டி கிடந்த இடத்தையே பார்த்தார். அவருடைய நாலு வயது மகள் தினமும் மூணு சக்கர சைக்கிளை வைத்துக்கொண்டு சுற்றுகிற இடம் அது. இன்றைக்கு அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“ஹலோ, என்னய்யா சத்தம்?” என்றது போன். “பொத்தான் ரெடியா?”

“இல்லை சார். ஊமையாக்குற பொத்தான் கிடையாது. தொணதொணப்பைக் குறைச்சுத் தரேன், குரலைத் தணிச்சுத் தரேன். வாயை மட்டும் அடைக்க மாட்டேன்.”

“தலைமைப் பதவி வேண்டாமா உனக்கு?”

“வேற யாருக்காவது குடுத்துக்குங்க சார்.”

போனை வைத்துவிட்டுக் குனிந்து பெட்டியை இழுத்தார். ஒற்றைக் கையிலேயே லேசாக வந்துவிட்டது. பூட்டு தெறித்து மூடி திறந்துகொண்டது. உள்ளே ஒரு கைக்குட்டை கூட இல்லை.

“அத்தை, பெட்டி காலியா இருக்கு!”

வாசற்படியில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாமியார் நிதானமாகக் காரை விட்டு இறங்கினார்.

“அந்த மாமியார் எதுன்னு என் பொண்ணு அன்னிக்கே சொல்லிட்டா மாப்பிள்ளை. நீங்க வண்டி எடுக்கிற லட்சணம்தான் எனக்குத் தெரியுமே! அதான் துணிமணியெல்லாம் அலமாரியிலேயே வெச்சுட்டேன்.”