அஞ்சு மணிக்கே போகணும்

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் விழா வாசல்ல நிக்கணும். ஒத்துக்கிட்டா வேன் சொல்றேன். இல்லேன்னா வேனும் இல்ல, பெல்கிரேடும் இல்ல" என்றாள் யாகொதா.

பிசெர்காவின் சமையலறையில் ஜாமுக்காகச் செர்ரிப் பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மற்ற இருவரும் கையை நிறுத்தினார்கள்.

"ஜூலை மாசம், அஞ்சு மணிக்கா?" பிசெர்கா வாயைப் பிளந்தாள். "தார் உருகுமேடி! அந்த மாதிரி இசை விழாவுக்கு மனுஷன் ராத்திரி பதினொண்ணுக்கு மேலதான் போவான். நாம ஆடப் போறோமா, இல்ல ஆஸ்பத்திரியில ரத்தம் குடுக்க மொத டோக்கன் வாங்கப் போறோமா?"

நெவேனாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. நிஷ் நகரிலிருந்து மூணு மணி நேரப் பயணம். மத்தியானமே கிளம்ப வேண்டும். அவளோ சிகையலங்காரக் கடை வைத்திருக்கிறவள். விழா நடக்கிற சனிக்கிழமைதான் கல்யாணப் பெண்கள் கொண்டை போட்டுக்கொள்ள வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"அதோட ஆளுக்கு நாலு பேரையாவது கூட்டிட்டு வரணும்" என்று யாகொதா தொடர்ந்தாள். "பிசெர்கா, உன் புருஷனோட செஸ் கோஷ்டி சும்மாதானே கெடக்கு? அள்ளிப் போட்டுக்கோ."

"அவங்களுக்கு எலக்ட்ரானிக் இசையப் பத்தி என்னடி தெரியும்? சலவை மெஷின் ரிப்பேர்னு நெனச்சுப்பாங்க."

"ஒண்ணும் தெரிய வேணாம். நின்னு கையத் தூக்கினாப் போதும்."

"வேன்காரன் உனக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் தர்றானா?" என்று பிசெர்கா கேட்டாள்.

யாகொதா கொட்டைகளைக் கிண்ணத்தில் விட்டெறிந்துகொண்டிருந்தாள்.

இந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டு முதலில் பேச்செடுத்தவள் நெவேனாதான். ஐம்பது தாண்டியாகிவிட்டது. முழங்கால் முழுசாகப் போய்ச் சேருவதற்குள் பழைய கூட்டத்தோடு ஒரு தடவை ஆடிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் பெட்ரோல் கிடையாது, கரண்ட் கிடையாது, சம்பளம் வந்தால் அதிசயம். ஆனால் சனிக்கிழமை வந்தால் பழைய ஆலையின் நிலவறையில் எப்படியோ தேற்றின டீசலில் ஜெனரேட்டர் ஓடும். கூரையிலிருந்து வியர்வை சொட்டும். விடிந்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காது கொய்யென்று இரைய, ரொட்டிக்கடை திறக்கும்வரை பாலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கறி அடைத்த சூடான புரெக் ரொட்டி ஒன்றை வாங்கி ஆளுக்கொரு வாயாகப் பிய்த்துத் தின்பார்கள். அந்த ருசி அதற்கப்புறம் எந்தப் புரெக்கிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. நெவேனா அதை வாய்விட்டே சொன்னாள்.

"என்ன நாளுடி அதெல்லாம்!" என்று பிசெர்காவும் பெருமூச்சு விட்டாள். "ஸ்லாவ்கோ ஒரு ரெக்கார்டு மாத்தினான்னா அந்தச் சுவரே..."

"அவன் பேர எடுத்தே, இந்தச் செர்ரி மொத்தமும் குப்பைத் தொட்டிக்குப் போகும்" என்றாள் யாகொதா.

பிசெர்கா செர்ரிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நிலவறையில் இசைத்தட்டு சுழற்றிய ஸ்லாவ்கோ, யாகொதாவின் முன்னாள் புருஷன். அவனுடைய இசைத்தட்டுப் பெட்டிகளை அவள் நாலாவது மாடியிலிருந்து வீசியெறிந்ததை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நெவேனாவும் அவனோடு பேசுவதில்லை. அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற தோழி அவள்; அந்த உறவில் இருவரும் ஒருத்தியை ஒருத்தி 'குமா' என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். யாராவது ஒருவர் பக்கம் நின்றாக வேண்டியிருந்தது.

பிசெர்கா ஜாடி எடுக்கக் கீழே போனதும் நெவேனா யாகொதாவைப் பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"இத பாரு குமா, நான் வரல. பிசெர்காவும் வர மாட்டா. எத்தனை வருஷமாப் பேசிப் பேசி இப்பத்தான் கூடி வந்துச்சு. நீ ஒருத்தி ஒத்தக் கால்ல நின்னு அதக் கெடுக்கிறே. இனி நமக்கு இன்னொரு தடவை அமையாதுடி. யாருக்காக அந்த அஞ்சு மணி?"

யாகொதா சிவந்துபோன விரல்களை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சு மணிக்குத்தான் மொத ஆள் வாசிக்கிறான். விளம்பரத்துல கடைசி வரியில, எறும்பு மாதிரி எழுத்துல பேரு. பேரையும் மாத்தி வெச்சிருக்கான், அதான் உங்க கண்ணுல படல. என் பையன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"யாரு... ஸ்லாவ்கோவா?"

"இந்த வயசுல, மொத மொதலா அவ்வளவு பெரிய எடத்துல கூப்பிட்டிருக்காங்க. வெக்கப்பட்டுக்கிட்டு பையனத் தவிர யார்கிட்டயும் சொல்லல. அஞ்சு மணிக்கு அங்க யாருடி இருப்பா? நாலு காவலாளியும் வெயிலும்தான்."

நெவேனாவால் நம்ப முடியவில்லை. "அவன் ரெக்கார்டெல்லாம் தூக்கி எறிஞ்சவ நீதானே?"

"எறிஞ்சேன். இன்னைக்கு வந்தாலும் எறிவேன். அது எங்க ரெண்டு பேர் வழக்கு. ஆனா அந்தக் காலத்துல நாம அத்தனை பேரும் அவன் வாசிச்சுத்தானேடி சந்தோஷமா இருந்தோம்? காலி மைதானத்துல அவன் வாசிக்கக் கூடாது."

கல்யாணக் கொண்டைகளைக் கடை உதவிக்காரியே போட்டுவிடட்டும் என்று நெவேனா அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

"வர்றோம்டி. செஸ் கோஷ்டியையும் இழுத்துட்டு வர்றோம். நீ முன்னாடி வந்து நில்லு, உன்னப் பாத்து அசந்து போகட்டும்."

"நான் எங்க உள்ள வரப் போறேன்? அவன் முடிக்கிற வரைக்கும் வேன்லயே உக்காந்திருப்பேன்" என்றாள் யாகொதா. "நான் கூட்டிட்டு வந்த கூட்டம்னு தெரிஞ்சா மனசு சுருங்கிடுவான். இத்தனை பேரும் தன் பாட்டக் கேக்கத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கட்டும்."