கார்மேகம் வீட்டு ரிவால்வர்

கார்மேகத்தின் குடும்ப ரிவால்வரால் சுடப்பட்டவர்களில் இன்றுவரை ஒருவர்கூடப் பிழைத்ததில்லை. தாத்தா சுட்டார், அப்பா சுட்டார், இப்போது துபாயில் கார்மேகம் சுட்டுக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டராவது செத்தார்.

செத்த இன்ஸ்பெக்டர் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மெஸ்ஸில் பிரியாணி வரிசையில் வந்து நிற்பார் என்பது மட்டும் ஒரு சின்னக் குறை. அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பில் பொங்கலை ஒட்டிய வெள்ளிக்கிழமை நடக்கும் நாடகத்துக்குக் கார்மேகம்தான் நிரந்தர வில்லன். ரிவால்வர், திருவிழா நாடகத்துக்காகத் தாத்தா கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கியது. கார்மேகம் துபாய் வந்த புதிதில் ஊறுகாய் பாட்டிலோடு பெட்டியில் வந்து இறங்கியது.

பொட்டுவெடிச் சுருளைத் திணித்து விசையை இழுத்தால் தகரக் கூரை அதிரும். போன வருஷம் பாஸ்கர்தான் இன்ஸ்பெக்டர். கார்மேகம் ஆசை மிகுந்து முழுச் சுருளையும் திணித்து அவன் இடப்பக்கம் நின்று வெடித்தார். அன்றிலிருந்து பாஸ்கர் வலது காதில்தான் போன் பேசுகிறான் என்பதை, ரிவால்வர் வாங்கிய மெடலைப் போல, புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும் சொல்லிவைத்தார்.

ஷார்ஜா ரோலா குரூப்பின் நாடகத்தையும் அவர் போய்ப் பார்த்ததுண்டு. அங்கே வில்லன் விரலை நீட்டி வாயால் "டுமீல்" என்றான். முன்வரிசையில் இருந்து கார்மேகம் சிரித்த சிரிப்பில் கதாநாயகன் வசனத்தை மறந்தான்.

"வாயால சுடுறதுக்கு அது என்ன வடையாடா?" என்று அவர் கேட்டது மேடைவரை கேட்டது. அந்த வில்லன் அதற்கப்புறம் மேடை ஏறவில்லை.

இந்த வருஷம் நாடகத்தன்று காலையில் கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் மக்தூம் பாய் கார்மேகத்தின் ரூமுக்கே வந்துவிட்டார். முந்தின நாள் ஒத்திகையை ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து கேம்ப் வாட்ச்மேன் பயந்து ஓடியிருக்கிறான்.

"அது பொம்மைன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். போலீசுக்குத் தெரியுமா? விசாவ கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்திருவான் கார்மேகம். இனிமே மேடையில துப்பாக்கி மாஃபி, கிடையவே கிடையாது. கலாஸ்."

கார்மேகம் ரிவால்வருக்கு விபூதி பூசி, பனியனில் சுற்றி, பால்பவுடர் டின்னில் இறக்கி, டின்னைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மூன்று தலைமுறை சர்வீஸுக்குப் பிரிவுபசாரம் அவ்வளவுதான்.

ஆனால் கவலை ஊரில் இருக்கும் மகள் விஜியைப் பற்றித்தான். ரூம்மேட் மணிகண்டன் பிடிக்கிற நாடக வீடியோ சிடியாக ஊருக்குப் போகும். அவள் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவைத்துப் போட்டுக்காட்டுவாள். போன வாரம் போனில்கூடக் கேட்டாள், "இந்தத் தடவையும் ஒரே வெடில ஆளு காலியாப்பா?" கார்மேகம் தயங்காமல் ஆமாம் என்றிருந்தார்.

மேடைக்குப் பின்னால், இந்த வருஷமும் இன்ஸ்பெக்டரான பாஸ்கர் தொப்பியைச் சரிசெய்தபடி மெதுவாகக் கேட்டான். "அண்ணே, எத வச்சு சுடப்போறீங்க?"

"நீ சாகுற வேலையப் பாரு."

"சத்தம் கேட்டாத்தானண்ணே சாக முடியும்?"

கார்மேகம் வில்லன் கோட்டை மாட்டிக்கொண்டார். எதை வைத்து என்று அவருக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு?

மெஸ் ஹாலில் கடைசிக் காட்சி வந்தது. பாஸ்கர் சபையைப் பார்த்து மார்பை நிமிர்த்தி, சுடுடா பார்க்கலாம் என்று கர்ஜித்தான். கார்மேகம் வழக்கம்போல அவன் இடப்பக்கம் போய் நின்றார். மணிகண்டனின் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்வரிசையில் மக்தூம் பாய் கையைக் கட்டிக்கொண்டு, கார்மேகத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்மேகத்தின் வலது கை மெல்லக் கோட்டுப் பைக்குள் போனது. உள்ளே ஒரு விரல் நீண்டது. தாத்தாவையும் அப்பாவையும் மனசுக்குள் ஒருமுறை கும்பிட்டுக்கொண்டார். பிறகு பாஸ்கரின் காதுப்பக்கம் குனிந்து, கேமராவுக்குத் தெரியாமல், உதடு அசைந்தும் அசையாமலும் சொன்னார்.

"டுமீல்."

பாஸ்கர் நட்ட கல்லாக நின்றான். கார்மேகம் இன்னொரு முறை சுட்டார். அதற்கும் அவன் சாகவில்லை.

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பி, ஹால் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னான்.

"அண்ணே, அது போன வருஷம் நீங்க சுட்ட காது. இந்தப் பக்கம் வந்து சுடுங்க."