பத்துத் தொடுகோடுகள்

ஜன்னல் வெயில் என் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு கணக்கு நோட்டு திறந்து கிடக்கிறது. நோட்டுக்குரிய பெண் பக்கத்தில் நிற்கிறாள். நேற்று இவள் வரைந்த தொடுகோட்டை என் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆரத்துக்குச் செங்குத்தா வரணும்னு எத்தன தடவ சொல்றது? தலையில என்ன களிமண்ணா? இந்தா, என்னோடத வெச்சுப் பத்து தடவ போட்டுட்டு வா" என்று வகுப்பே சிரிக்கும்படி கத்தினேன். போட்டு வந்திருக்கிறாள். பத்து வட்டம், பத்துக் கோடு, பத்துக்கும் சற்றுமுன் நான் தாராளமாகப் போட்ட சிவப்பு டிக். மூலைமட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொல்கிறாள். "டீச்சர், இதுல போட்டா கோடு வட்டத்துக்குள்ள போயிடுது." குனிந்து பார்க்கிறேன். வட்டத்தைத் தொட்டுவிட்டு விலக வேண்டிய கோடு, மயிரிழை அளவு உள்ளே நுழைந்து, கொஞ்சம் தள்ளி வெளியே வருகிறது. பத்திலும் அப்படியே. வருஷம் முழுக்க இதே ஜன்னல் திட்டில் காய்ந்த பிளாஸ்டிக், விளிம்பு வளைந்து என் விரலில் நெளிகிறது. "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" "முதல் வட்டத்துலயே, டீச்சர்." "அப்புறம் ஏன் பத்தும் போட்ட?" அவள் தரையைப் பார்க்கிறாள். "நீங்க சொன்னீங்களே." நேற்று கடைசி பெஞ்சுவரை எட்டிய என் குரல், "தப்பு என்மேலதாம்மா" என்று இப்போது அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில் வெளியே வருகிறது.