வலிக்கிறதா, பாப்பா?

போன வருஷம் பல் மருத்துவமனையின் பேசும் நாற்காலியிடம் சகாயராணி எல்லா அம்மாக்களும் கேட்பதைத்தான் கேட்டாள். "பால் பல்லுதானே, எப்படியும் விழத்தானே போவுது? இத எதுக்கு அடைக்கணும்?"

நாற்காலி பொறுமையாக விளக்கியது. பல்லை அடைத்தது. சொத்தைக்கு ஒன்று, அந்தக் கேள்விக்கு ஒன்று என அவள் பெயரில் இரண்டு முறை 'அக்கறையற்ற தாய்' என்று பதிந்துகொண்டது. இன்னொரு சொத்தை தெரிந்தால் மூன்றாவது பதிவு. பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இந்த வருஷம் மகள் ஜெனோவாவின் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. ஆனால் குழந்தை வலி என்று சொன்னால்தான் நாற்காலி வாயைத் திறக்கச் சொல்லும். வருடாந்திரப் பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பே சகாயராணி அவளைப் பழக்க ஆரம்பித்தாள். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வலிக்கிறதா, பாப்பா?" என்று நாற்காலி கேட்கும் அதே குரலில் கேட்பாள். ஆறு வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே இல்லை என்று சொன்ன பிறகுதான் தட்டைத் தருவாள்.

பரிசோதனை நாளில் நாற்காலி கேட்டது. ஜெனோவா அழகாகச் சிரித்தாள். "வலிக்கவே இல்ல." பச்சை விளக்கு எரிந்தது.

நாலாம் நாள் காலையில் பிள்ளையின் கன்னம் வீங்கி, உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. சகாயராணி கதவைச் சாத்திவிட்டு, கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சோடு அருகில் உட்கார்ந்தாள்.

"இனி பயமில்ல மக்கா. அம்மாட்ட சொல்லு, எங்க வலிக்கு?"

ஜெனோவா அவள் கையில் தட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, வீங்காத பக்கத்து உதட்டால் சிரித்தாள்.

"வலிக்கவே இல்லம்மா. சோறு தா."