அக்கம்பக்கத்தார் கருத்து

"அவனுக்கா வேலை? எழுதிக்கோங்க மேடம், என்னைக்காவது ஒருநாள் அவன் கொலையே பண்ணுவான்!"

பிரேமலதா டீச்சர் போட்ட சத்தம் கே.கே. நகரில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

பக்கத்து வீட்டு முருகானந்தத்துக்கு பஸ் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. ஆள் எப்படி என்று விசாரிக்க வந்திருந்தார் ஏட்டு மணிமேகலை. கையில் இருந்த படிவத்தில் 'அக்கம்பக்கத்தார் கருத்து' என்று ஒரு கட்டம். ஒரு மனுஷனின் பிழைப்பே அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

"அவர் மேல கேஸ் ஏதும் இல்லையே டீச்சர்?"

"இல்லேன்னா? நான் பி.எட்.ல சைக்காலஜி படிச்சவ. முன்கோபம், மரியாதை இல்லாத பேச்சு, கை நீட்டுற புத்தி. இதெல்லாம் ஒருத்தன்கிட்ட சேர்ந்து இருந்தா அவன் கிரிமினல்தான். இன்னும் மாட்டல, அவ்வளவுதான்."

"யார்கிட்ட சண்டை போட்டார்?"

"யார்கிட்ட போடல? தண்ணி லாரிக்காரன், கேபிள்காரன்... சாக்கடையில குப்பை கொட்டினேன்னு என்கிட்டயே கத்தினான்!"

"கொட்டினீங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"அதை விடுங்க. போன மாசம் என் பையன் இளவரசனை அறைஞ்சிருக்கான் மேடம். கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு. என் பையன் எவ்ளோ சாது தெரியுமா? இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான்."

"எதுக்கு அடிச்சாராம்?"

"கேட்டேன். 'விடும்மா, பெரிசு பண்ணாதே'ன்னுட்டான். அதுதான் என் பையன் குணம். அவனைப் போய் அடிச்ச கை, பஸ் ஓட்டலாமா? எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

மணிமேகலை பேனாவை மூடினார். அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் குரலில் ஏறியது.

"போன மாசம் முருகானந்தத்தோட பைக் காணாமப் போச்சு. கம்ப்ளெயின்ட் வாங்கினதே நான்தான். மூணாம் நாள், லால்குடியில ஒரு மெக்கானிக் ஷெட்ல அதை விக்கப் பார்த்த பையனைப் பிடிச்சோம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் டீச்சர்.

"முருகானந்தம் ஸ்டேஷனுக்கு வந்தார். பையனைப் பார்த்தார். பளார்னு ஒரு அறை விட்டார். அப்புறம் எங்க பக்கம் திரும்பி, 'வண்டியை நான்தாங்க குடுத்தேன், மறந்துட்டேன்'னு சொல்லி, கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிட்டார். கேஸ் போட்டா பையன் படிப்பு போயிடுமாம்."

"என்... என் இளவரசனா?"

"உங்க சாதுப் பையனேதான். 'டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், தாங்க மாட்டாங்க'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனார், நீங்க சொல்ற அந்தக் கிரிமினல்!"